மச்சம் எந்தப் பக்கம்

கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறவர்களால்தான் மனித நாகரிகம் முன்னேறாமல் நின்றுபோனது. இது என் கண்டுபிடிப்பு. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் எங்கேயும் சிரித்துக்கொண்டு நிற்கவில்லை. நெருப்பைக் கண்டுபிடித்தவனுக்குச் சிரிக்க நேரமே இருந்திருக்காது, கை சுட்டிருக்கும். பிறகு கேமரா வந்தது. எல்லாரும் செய்துகொண்டிருந்த வேலையைக் கீழே போட்டுவிட்டு, தலையைப் படிய வாரி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு உருப்படியாக எதுவும் நடக்கவில்லை.

இந்தக் கொள்கையைப் பேச்சோடு விட்டவனில்லை நான். கல்லூரி குரூப் போட்டோவில் எல்லாரும் முன்னால் பார்க்க, நான் மட்டும் மேலே ஒரு காக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காக்கை அப்போது அங்கே இல்லை, அது வேறு விஷயம். கல்யாணமாகி வெகு தூரம் போய்விட்ட என் அக்கா, போன் செய்யும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான் பாடுவாள்.

"ஒரே ஒரு போட்டோ அனுப்பேண்டா. உன் மூஞ்சியே மறந்துபோச்சு. நான் கரண்டியால அடிச்ச தழும்பு புருவத்துல இன்னும் இருக்கா?"

"இருக்கு. அதைப் பார்த்துத்தான் கல்யாணச் சந்தையில உன்னைப் பத்தி எச்சரிக்கை பண்ணியிருக்கணும்" என்று வைத்துவிடுவேன்.

எங்கள் அலுவலகத்துக்கு எதிரிலேயே ஒரு ஸ்டூடியோ. உள்ளே ஒரு திரை. திரையில் ஒரு நிலா, ஒரு படகு, படகைவிடப் பெரிய ஓர் அன்னம். கதவு திறந்திருக்கும் நாட்களில், அந்த அன்னத்துக்கு முன்னால் விறைத்து நிற்கும் குடும்பங்களுக்கு மாடி ஜன்னலிலிருந்து மார்க் போடுவது என் பொழுதுபோக்கு. அன்னத்தைத் தவிர யாரும் பாஸானதில்லை.

அப்படி மார்க் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் சலூன்காரர் படியேறி வந்தார்.

எங்கள் துப்பறியும் நிறுவனம் என்பது சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை, மூன்று நாற்காலி, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பீரோ, டீச்சர், நான். டீச்சர்தான் துப்பறிவாளர். ஓய்வு பெறும்வரை பரீட்சை ஹாலில் பிட்டு பிடித்தவர். அவர் செருப்புச் சத்தம் கேட்டு பிட்டை மென்று விழுங்கியவர்கள் இன்று பெரிய பெரிய பதவிகளில் இருக்கிறார்கள், ஜீரணக் கோளாறோடு. அவரிடம் ஒரு முறைகூட மாட்டாத மாணவன் நான் ஒருவன்தான். ஆகவே உதவியாளராக வைத்துக்கொண்டார். வெளியே விட்டால் ஆபத்து என்று நினைத்திருக்கலாம்.

சலூன்காரர் உட்கார்ந்தார். சட்டைப் பையில் ஒரு சீப்பு, நகத்தோரத்தில் சோப்பு. எங்களைப் பார்க்காமல் பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நாங்க இந்தப் பக்கம் இருக்கோம்" என்றேன்.

"தெரியுது தம்பி" என்று பீரோவிடம் சொன்னார். "உங்களுக்கு உச்சியில ஒரு முடி தூக்கிக்கிட்டு நிக்குது."

தொட்டுப் பார்த்தேன். நின்றது.

"சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"என் பொண்ணோட போட்டோ ஒண்ணு வேணும் டீச்சர். கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

"எது காணாமப் போச்சு? போட்டோவா, பொண்ணா?"

"பொண்ணு போன வருஷம் போயிட்டா. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். திரும்பி வரலை." அவர் குரல் மாறவே இல்லை. எத்தனையோ பேருக்குச் சொல்லி வழவழப்பாகிவிட்ட வாக்கியம். "போட்டோ, எடுக்கவே இல்லை."

என்னிடம் ஒரு ஜோக் தயாராக இருந்தது. மடித்து உள்ளே வைத்தேன்.

"ஒண்ணுகூடவா இல்லை?"

"ஸ்கூல்ல எடுத்த அன்னைக்குக் கால்ல அடிபட்டு வீட்ல இருந்தா. அதோ எதிர்ல ஸ்டூடியோ, போகலாம் போகலாம்னு இருந்தோம். முன்பல்லு விழுந்திருக்கு, முளைச்சதும் எடுக்கலாம்னு அவ அம்மா சொன்னா. அது முளைச்சதும் பக்கத்துப் பல்லு விழுந்துச்சு." பீரோவுக்குள் எங்கேயோ பார்த்தார். "அப்புறம், கண்காட்சி வைக்கிற படக்காரர் ஒருத்தர் இருக்காரே, அவரு எந்நேரமும் எங்க தெருவுலதான் கேமராவோட நிப்பாரு. ஊர்ல ஒரு ஆளு விடாம எடுத்தாரு. என் பொண்ணு தெருவுலயே கிடந்தவ. நூறு படத்துலயாவது இருப்பான்னு நினைச்சோம். போய்க் கேட்டா, ஒண்ணுலகூட இல்லைன்னுட்டாரு."

"ஒரு வருஷம் கழிச்சு இப்ப என்ன திடீர்னு?"

"மச்சம் டீச்சர்."

"என்ன மச்சம்?"

"அவ கன்னத்துல மிளகு மாதிரி ஒரு மச்சம் உண்டு. போன வாரம் பேச்சுவாக்குல, இடது கன்னத்துலன்னு நான் சொன்னேன். வலதுலன்னா என் வீட்டுக்காரி. இல்லை இடது. இல்லை வலது. 'பெத்த பொண்ணு முகத்தையே மறந்துட்டியே, நீயெல்லாம் ஒரு அப்பனா'ன்னா. நானும் அதையே திருப்பிச் சொன்னேன். அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா."

"ஒரு மச்சத்துக்காகவா?" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"எங்ககிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான் தம்பி." கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "கண்ணை மூடினா எனக்கு இடதுலதான் தெரியுது. ஆனா அவ அவ்வளவு உறுதியா சொல்லிட்டுப் போனதுலேருந்து, கண்ணை மூடவே பயமா இருக்கு. தப்பான முகத்தைப் பார்த்துட்டிருக்கேனோன்னு."

டீச்சர் குடையை எடுத்தார். அவர் குடையை எடுத்தால் கேஸை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

*

படக்காரரின் படங்கள் சமூகக் கூடத்தில் கண்காட்சியாக மாட்டப்பட்டிருந்தன. எல்லாம் கறுப்பு வெள்ளை. எல்லாம் எங்கள் தெருக்கள்தான். இஸ்திரி போடுகிற அம்மாள், டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடுகிற பஞ்சர் கடைக்காரர், ஒரே செய்தித்தாளின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு பெரியவர்கள், குழாயடியில் குடங்களைவிட நெருக்கமாக நிற்கிற பெண்கள். கறுப்பு வெள்ளையில் எங்கள் தெரு எனக்கே மரியாதையாகத் தெரிந்தது. குப்பைத் தொட்டிகூடப் பட்டம் வாங்கிய குப்பைத் தொட்டி மாதிரி இருந்தது.

வாசலில் ஓர் அட்டை: 'இந்தப் படங்களில் ஒருவரும் கேமராவைப் பார்க்கவில்லை.'

"நம்ம ஆளு டீச்சர். உலகத்துல இன்னும் ஒரு நல்ல மனுஷன் மிச்சமிருக்கான்" என்றேன்.

டீச்சர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக நடந்தார். பரீட்சை ஹால் நடை. படத்தில் இருந்தவர்களே கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது. சலூன்காரர் கூடத்தின் மறுகோடியில் ஒவ்வொரு படத்தின் மூலையாகத் தேடிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே தேடியவர்தான்.

"இவங்கள்லாம் எங்க பார்க்கிறாங்க?" என்றார் டீச்சர்.

"எங்கேயும் பார்க்கலை. அதுக்குப் பேருதான் கலை."

"கண்ணைத் திறந்துட்டுச் சொல்லு."

திறந்தேன். இஸ்திரி அம்மாளின் கண் துணியில் இல்லை. எங்களுக்கு இடப்பக்கமாக, கொஞ்சம் கீழே, ஏதோ ஓர் இடத்தில் இருந்தது. பஞ்சர் கடைக்காரரும் அதே இடம். செய்தித்தாள் பெரியவர்கள் இருவருமே செய்தியை விட்டுவிட்டு அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் உதட்டிலும் சிரிப்பு வந்துகொண்டிருந்தது, அல்லது இப்போதுதான் வந்துவிட்டுப் போயிருந்தது.

"பரீட்சை ஹால்ல நான் பிட்டு அடிக்கிறவன் கையைப் பார்க்க மாட்டேன். பக்கத்து பெஞ்சுக்காரன் கண்ணைப் பார்ப்பேன். பிட்டு எங்கன்னு அது சொல்லும்." டீச்சர் தன் குடையைப் படத்துக்கு முன்னால் நீட்டி, அந்தக் கண்கள் போகிற திசையில் மெல்ல இறக்கினார். குடை முனை என் இடுப்புப் பக்கத்தில் வந்து நின்றது. "இந்த உயரம். கேமராவுக்கு ஒட்டினாப்புல."

கடைசிச் சுவரில் இந்த வருஷத்துப் படங்கள். அதே இஸ்திரி அம்மாள், அதே பெரியவர்கள். ஆனால் ஏதோ ஒன்று செத்திருந்தது. அம்மாள் இஸ்திரிப் பெட்டியை ஆயுதம் மாதிரிப் பிடித்திருந்தார். பெரியவர்கள் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்கள். வாசல் அட்டையையும் மீறி இரண்டு பேர் கேமராவையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த உயரத்துல இருந்தவங்க, இந்த வருஷம் இல்லை" என்றார் டீச்சர், சலூன்காரருக்குக் கேட்காத குரலில்.

நான் கூரையில் ஒரு காக்கையைத் தேடினேன். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பார்க்காத மாதிரி நடந்துபோய் ஒரு படத்துக்கு முன்னால் நின்றார்.

"இது மட்டும் ஏன் ஒல்லியா இருக்கு?"

சலூன் படம். நம் சலூன்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவருடைய சோப்புக் கன்னத்துக்கு மேலே சவரக் கத்தியைத் தூக்கிப் பிடித்திருந்தார். எதிரே கண்ணாடி. கண்ணாடியில் அவர் முகம், வாய் கொள்ளாத சிரிப்போடு. சாண் போட்டுப் பார்த்தேன். கூடத்தில் இருந்த மற்ற படங்கள் எல்லாம் ஒரே அகலம். இது அதில் பாதிக்குக் கொஞ்சம் அதிகம்.

டீச்சர் அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "உங்க கடைக் கண்ணாடி எவ்வளவு பெரிசு?"

"சுவர் முழுக்க டீச்சர்."

"இதுல பாதிதான் இருக்கு. எதைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறீங்க?"

"ஞாபகம் இல்லையே."

"மீதிப் பாதிக் கண்ணாடியில என்ன தெரியும்?"

"வாசல் தெரியும். வாசல்ல யாரு நிக்கிறாங்களோ அவங்க தெரி..."

வார்த்தையை முடிக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்களுக்கு முன்னால் தெருவில் இறங்கி நடந்தார். செருப்பு மாட்டவில்லை. நான் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

*

படக்காரர் தனிக்கட்டை. ஒரு அறை, ஒரு குளியலறை. குளியலறைதான் படம் கழுவுகிற இருட்டறை. எங்கே குளிப்பார் என்று கேட்கத் தோன்றியது, தாடியைப் பார்த்ததும் தேவைப்படவில்லை.

"அந்தப் பொண்ணை நான் எடுத்ததே இல்லை. ஏற்கெனவே இவர்கிட்ட சொல்லிட்டேனே" என்றார், கதவைப் பாதி திறந்து.

"தெரியும்" என்றார் டீச்சர். "அவ உங்களுக்கு எதிர்ல நிக்கலை. பக்கத்துல நின்னா."

படக்காரர் கதவிலிருந்து கையை எடுத்தார். உட்கார நாற்காலி இருந்தது. அவர் தரையில் உட்கார்ந்தார்.

"ஸ்கூல் விட்டா நேரா என்கிட்டதான் வருவா" என்றார். "நான் யாரு எதிர்ல போய் நின்னாலும் அவங்களை மாதிரியே செஞ்சு காட்டுவா. இஸ்திரி அம்மா நெத்தியில வியர்வை வழிக்கிற மாதிரி. பெரியவர் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டற மாதிரி. அவங்க அவளையே பார்த்துச் சிரிப்பாங்க, நான் ஒருத்தன் இருக்கறதையே மறந்துடுவாங்க. அந்த நேரம் பார்த்து அமுக்கிடுவேன். ஆளே தெரியாம நின்னு எடுக்கிறான்னு எல்லாரும் என்னைப் புகழ்ந்தாங்க. நானும் நம்பினேன். அவ போனதுக்கப்புறம்தான் தெரிஞ்சது, நான் நின்னா எல்லாருக்கும் தெரியுதுன்னு."

சலூன்காரர் சுவரில் சாய்ந்து நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்.

"பக்கத்துலயே நின்னாளே. ஒரு தடவைகூட அவளை எடுக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"அவளே கேட்டா. 'என்னை ஒண்ணு எடு மாமா'ன்னா." படக்காரர் தாடியைப் பிடித்துக்கொண்டார். "'நீ கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுவே, படம் கெட்டுப்போயிடும், வேண்டாம்'னேன்."

இந்த வாக்கியத்தை நான் இதற்கு முன்னால் கேட்டிருக்கிறேன். பல தடவை, என் குரலில். கையிலிருந்த செருப்புகளைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.

"சலூன் படத்தை வெட்டினது எதுக்கு?" என்றார் டீச்சர்.

"கண்ணாடியில நான் தெரிஞ்சேன். எடுக்கிறவன் படத்துல தெரியக் கூடாது. அது என் சட்டம். அதனால வெட்டினேன். கூட அவளும் போனா." சலூன்காரரைப் பார்க்காமல் சொன்னார். "நீங்க வந்து கேட்டப்ப எனக்கு ஞாபகம் இருந்தது. உங்க பொண்ணை வெட்டிக் குப்பையில போட்டேன்னு எந்த வாயால சொல்றது?"

"வெட்டினது காகிதத்தைத்தானே" என்றார் டீச்சர். "பிலிம் முழுசா இருக்கும்ல?"

பிஸ்கட் டின் ஒன்று கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. அதற்குள் பிலிம் உறைகள். தேட வேண்டியிருக்கவில்லை. அந்த உறை எல்லாவற்றுக்கும் அடியில், தனியாக இருந்தது.

*

குளியலறைக்குள் நான்கு பேர். படக்காரருக்கு நிற்க இடம், டீச்சருக்கு முக்காலி, சலூன்காரருக்குச் சுவர். எனக்கு வாளி. அதற்குள் நின்றுகொண்டிருந்தேன். சிவப்பு பல்பு எரிந்தது. அதில் எல்லாரும் கொலைகாரர்கள் மாதிரி இருந்தோம், டீச்சர் மட்டும் நீதிபதி.

என்லார்ஜர் என்பது தலைகுனிந்து நிற்கிற மேசை விளக்கு மாதிரி ஒரு கருவி. அதில் பிலிமைச் செருகி, கண்ணாடியின் அந்தப் பாதியை மட்டும் பெரிதாக்கி, படக்காரர் வெள்ளைக் காகிதத்தின்மேல் வெளிச்சம் காட்டினார். பிறகு காகிதத்தை மருந்துத் தட்டில் போட்டு, தட்டை மெல்ல ஆட்டினார். ஒன்றும் வரவில்லை. வெள்ளை. இன்னும் வெள்ளை. குழாய் சொட்டுகிற சத்தம்.

பிறகு கறுப்பாக இருந்ததெல்லாம் முதலில் வந்தது. வாசற்கால். கேமரா. தாடி. தாடிக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், இரண்டு சடை. ஒன்று அவிழ்ந்திருந்தது. அப்புறம் ஒரு கை. சுட்டுவிரலைச் சவரக் கத்தியாக்கி, ஒரு கன்னத்தை உப்பவைத்து, தன் அப்பாவை மாதிரியே அவள் தனக்குத் தானே சவரம் செய்துகொண்டிருந்தாள். கண்ணாடி வழியாக நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு. பல்லைக் காட்டிக்கொண்டு.

"பல்லு" என்றார் சலூன்காரர். "அந்தப் பல்லு இன்னும் முளைக்கலை."

உப்பாத கன்னத்தில் ஒரு புள்ளி மெல்ல மெல்லக் கறுத்து, மிளகு அளவுக்கு வந்து நின்றது.

"இடது." அவர் குரல் உடைந்தது. "இடது கன்னம். டீச்சர், பாருங்க. தம்பி, நீயும் பாரு. நான் மறக்கலை. அப்படியே இருக்கா. நான் கண்ணை மூடினா இவதான் வருவா, இதே முகம்தான்." தோளில் இருந்த துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார். "அவதான் மறந்துட்டா."

படக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், யாரோ பெயில் என்று அர்த்தம்.

"அவ தலைக்கு மேல ஒரு போர்டு தொங்குதே" என்றார் கடைசியில். "அதுல என்ன எழுதியிருக்கு?"

"சீப்பு இரவல் கிடையாதுன்னு. என் கடை போர்டுதான் டீச்சர்."

"மனப்பாடமா சொல்ல வேண்டாம். பார்த்துப் படிங்க."

அவர் குனிந்தார். எழுத்துகள் எல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தன.

ஒரு சலூன்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவருக்குப் புரிந்தது தோளில்தான் தெரிந்தது. முதலில் ஒரு தோள் இறங்கியது. அப்புறம் இன்னொன்று.

"கண்ணாடி" என்றார்.

"ஆமா."

"அப்ப நெஜத்துல வலது. அவ சொன்னதுதான்."

"அவங்க சொன்னது சரி. நீங்க மறந்ததும் இல்லை" என்றார் டீச்சர். "உங்க பொண்ணை நீங்க எங்க பார்த்தீங்க?"

"கடையில. தினம் காலையில கூட்டிட்டு வருவேன். நாற்காலி மேல பலகை போட்டு உட்கார வச்சு, தலை வாரிச் சடை போட்டு ஸ்கூலுக்கு அனுப்புவேன். அவ அம்மாவுக்குக்கூட விட மாட்டேன். கண்ணாடியில என்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டிக்கிட்டே இருப்பா." அவர் கைகள் தானாகவே காற்றில் மூன்று பிரியைப் பிரித்தன. "கடை மூடி வீட்டுக்குப் போறப்ப தூங்கியிருப்பா. எனக்கு எல்லார் முகமும் கண்ணாடியிலதான் டீச்சர். பழகிப்போச்சு."

"காலையில எங்க ஆபீஸ்லயும் பீரோக் கண்ணாடியில இவனைப் பார்த்துத்தான் பேசினீங்க."

அவர் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, யாரையும் கேட்காத மாதிரிக் கேட்டார்.

"அப்ப அவ முகத்தை நான் நேரா பார்க்கவே இல்லையா?"

குழாய் சொட்டியது. படக்காரர் திரும்பி, என்லார்ஜரிலிருந்து பிலிமை உருவினார். படத்துக்கு அத்தனை சட்டம் வைத்திருந்தவர். பிலிமை மறுபக்கமாகத் திருப்பிச் செருகினார்.

"இப்படிப் போட்டா, நேரா பார்க்கிறவங்களுக்குத் தெரியற மாதிரி வரும்" என்றார். "அவ அம்மா பார்த்த மாதிரி."

இரண்டாவது காகிதமும் வெள்ளையிலிருந்து எழுந்தது. இரண்டையும் கழுவி, கொடியில் பக்கத்துப் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, வெள்ளை விளக்கைப் போட்டார். இரண்டு சிறுமிகள். ஒருத்தி இடக்கையால் சவரம் செய்தாள், ஒருத்தி வலக்கையால். ஒருத்தி தலைக்கு மேல் சீப்பு இரவல் கிடைக்குமா கிடைக்காதா என்று படிக்க முடியவில்லை. இன்னொருத்தி தலைக்கு மேல் தெளிவாக, கிடையாது.

சலூன்காரர் முதல் படத்தை உடனே தெரிந்துகொண்டார். இரண்டாவது படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"கொஞ்சம் வேற மாதிரி இருக்கா" என்றார். "நம்ம பொண்ணோட ஜாடையில வேற யாரோ மாதிரி."

"ஈரம் காயட்டும்" என்றார் படக்காரர், அர்த்தமில்லாமல்.

"இல்லை. இவதான் அவ. நான்தான் பழகிக்கணும்." ஒரு நகத்தால், படத்தைத் தொடாமல், அந்த மச்சத்துக்கு மேலே காற்றைத் தொட்டார். "முதல்ல இதை எடுத்துட்டுப் போறேன். அவ அண்ணன் வீட்ல குடுத்துட்டு, நீ சொன்னதுதான் சரின்னு சொல்லணும்."

"அதையும் எடுத்துக்கோங்க. ரெண்டும் உங்களுதுதான்."

"அது எங்க போயிடப் போகுது. கண்ணை மூடினா வரும்."

ஈரப் படத்தைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினார். நான் செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தேன். மாட்டிக்கொண்டு, நிலைப்படியில் நின்று திரும்பி, முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். பார்க்கத் தெரியாதவர் மாதிரி, ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்குத் தாவித் தாவிப் பார்த்தார்.

"இன்னும் தூக்கிக்கிட்டுத்தான் நிக்குது தம்பி" என்றார்.

*

அலுவலகத்துக்குத் திரும்பியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. டீச்சர் குடையை ஆணியில் மாட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். யாரைப் பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை.

ஜன்னலில் நின்றேன். கீழே ஸ்டூடியோக் கதவு திறந்திருந்தது. அன்னத்துக்கு முன்னால் ஒரு அப்பா, ஒரு அம்மா, நிற்க மாட்டேன் என்று நெளிகிற ஒரு பையன். அம்மா பையனின் தாடையைப் பிடித்து முன்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். மார்க் போடலாம் என்று பார்த்தேன். எதில் குறைப்பது என்று தெரியவில்லை.

தழும்பு எந்தப் புருவத்தில் என்று யோசித்தேன். கை வலப்பக்கம் போனது. பிறகு இடப்பக்கம் போனது. தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன், கண்ணாடியில் மட்டும்தான் பார்க்கிறேன். அக்காவைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லுவாள். அடித்தவள்.

"டீச்சர், ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

"போயிட்டு வா." அவர் கண்ணைத் திறக்கவில்லை. "தலையை வாரிக்கிட்டுப் போ."

ஸ்டூடியோக்காரர் எந்த சைஸ் என்று கேட்டார். தபாலில் போகிற சைஸ் என்றேன். சுவரில் ஒரு கண்ணாடியும், கயிறு கட்டிய ஒரு சீப்பும் இருந்தன. தண்ணீர் தொட்டு வாரினேன். அந்த முடி படுத்தது, யோசித்தது, எழுந்து நின்றது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அக்காவுக்கு அதுவும் தெரியும்.

"அன்னம் வேணுமா, நிலா மட்டும் போதுமா?"

"அன்னமும் இருக்கட்டும்."

அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். வெளியே எடுத்தார். வந்து என் தாடையைப் பிடித்து, இழையளவு முன்பக்கம் திருப்பிவிட்டுப் போனார்.

"இங்க பாருங்க" என்றார்.

பார்த்தேன்.